கண்ணாடிச் சுவரும் சுவைஞரும்

ஓவியத்தின் பொருள் யாருக்கு உரியது? தீட்டியவனுக்கா, தீட்டுவித்தவனுக்கா, காண்பவனுக்கா? கலைத் திறனாய்வில் நெடுங்காலமாக நிலவிவரும் வினா இது. படைத்தவன் கருதியதே படைப்பின் பொருள் என்பது ஒரு சாராரின் கொள்கை. காண்போர் உள்ளத்தில் எழுவதே பொருள் என்பது மற்றொரு சாராரின் கொள்கை. இவ்விவாதம் பெரும்பாலும் மேனாட்டு அறிஞரின் கருத்துக்களை ஆதாரமாகக் கொண்டே நடைபெற்று வருகின்றது. ஆயின், இதனை ஆராய்வதற்கு எளிதிற் கிட்டாத சான்றொன்று இலங்கையிலேயே உண்டு. சிகிரியாக் குன்றின் கண்ணாடிச் சுவரே அச்சான்றாகும்.

கி.பி. 477 முதல் 495 வரை ஆட்சிபுரிந்த காசியப்பன் சிகிரியாவைத் தன் தலைநகராகக் கொண்டான். குன்றின் மேற்குப் பக்கத்தில் சாந்து பூசிப் பெண்ணுருவங்கள் தீட்டப்பட்டன. அவற்றுக்குக் கீழே செல்லும் வழியின் ஓரத்தில், வழவழப்பாக மெருகிடப்பட்ட சுவரொன்று எழுப்பப்பட்டது. அரசன் மறைந்து, தலைநகரும் கைவிடப்பட்ட பின்னர், சிகிரியா காண்போர் வந்து செல்லும் இடமாயிற்று. அவ்வாறு வந்தவர்கள் தாம் கண்டதையும் உணர்ந்ததையும் சிறு சிறு பாக்களாக அச்சுவரில் எழுத்தாணியாற் கீறிச் சென்றனர். பேராசிரியர் செனரத் பரணவிதான 685 பாக்களைப் படித்தறிந்து 1956ஆம் ஆண்டில் வெளியிட்டார். இவற்றுட் பெரும்பாலானவை எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. சிங்கள மொழி வரலாற்றுக்கு இவை பெருஞ் சான்றுகள் என்பதைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். சுவைஞரின் வரலாற்றுக்கும் அவை சான்றாதல் அத்துணை கவனிக்கப்படவில்லை.

பாடியோருட் பலர் தம் பெயரையும் ஊரையும் பதவியையும் பொறித்துள்ளனர். அவர்களிடையே அரச அலுவலர் உளர், பிக்குகள் உளர், பெண்களும் உளர். ஒரே ஓவியங்களைக் கண்ட இவர்கள் ஒரே பொருளைக் காணவில்லை. அப்பெண்களின் அழகில் மயங்கிக் காதல் பேசியவர் சிலர். எத்துணை வேண்டியும் அவர்கள் மறுமொழி கூறாமை கண்டு, அவர்தம் நெஞ்சமும் கல்லோ என நொந்துகொண்டவர் சிலர். மன்னனை இழந்த துயரத்தில் ஆழ்ந்த தேவியராகவே அவர்களைக் கண்டு இரங்கியோரும் உளர். பிறர் எல்லாரும் பாடியதைச் சுட்டி, அதனாலேயே தான் பாடவில்லை என்று எழுதிச் சென்ற நகைச்சுவையாளரும் உளர். காதல் வயப்பட்டவன் காதலையும் இழப்பை அறிந்தவன் இழப்பையும் அவ்வுருவங்களிற் கண்டான் எனலாம்.

இந்நிலை பாமரரான வழிப்போக்கர்க்கு மட்டுமே உரியதன்று. 1894ஆம் ஆண்டு முதல் சிகிரியாவில் அகழ்வாய்வு நடத்திய எச்.சி.பி. பெல், அப்பெண்கள் பிதுரங்கல விகாரைக்கு வழிபடச் செல்லும் அரண்மனை மகளிர் என்றார். இடைக்குக் கீழே உருவங்கள் முகிலில் மறைவதைக் கருத்திற் கொண்ட ஆனந்த குமாரசுவாமி, அவர்களை வானுலக அரம்பையர் என்றார். பொன்னிறமும் கருநிறமும் இணைந்து வருவதை நோக்கிய பரணவிதான, மின்னலும் முகிலும் பெண்ணுருக் கொண்டமையே அவை என விளக்கினார். மூவரும் ஆழ்ந்த புலமையுடையோர். எனினும் அகழ்வாய்வாளர் அருகிலுள்ள விகாரையையும், இந்தியக் கலைமரபில் தோய்ந்தவர் தேவ மகளிரையும், அரசின் தத்துவத்தை ஆராய்ந்தவர் குறியீட்டையும் கண்டமை கருதத்தக்கது. அறிஞரின் கண்ணும் அவரவர் பயிற்சியினால் உருவான கண்ணே.

அவ்வாறாயின், எவரும் எதனையும் கூறலாமோ என்னும் ஐயம் எழும். கண்ணாடிச் சுவரே இதற்கு விடை தருகின்றது. அங்குள்ள பாக்கள் வேறுபடினும், ஓவியத்திற் கண்ணாற் காணத்தக்கவற்றிலிருந்தே அவை பிறக்கின்றன. கையிலுள்ள மலர், மேனியின் நிறம், நீண்ட விழி, பேசாத வாய் ஆகியன மீண்டும் மீண்டும் பாடப்படுகின்றன. பேசாமை என்பது ஓவியத்தின் இயல்பு. அதனைச் செருக்கு என ஒருவனும் துயரம் என மற்றொருவனும் கொண்டனர். ஓவியம் இரண்டுக்கும் இடந்தருகின்றது. ஆயின், அம்மகளிர் போர்க்களத்தில் நிற்கின்றனர் என்று கூறுவதற்கு அஃது இடந்தராது. காண்போரின் உரிமை பரந்தது, எல்லையற்றதன்று.

பழைய இலக்கணங்களும் இதனோடு ஒத்துப் பார்க்கத்தக்கன. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்கு உரைகண்ட பேராசிரியர், சுவைக்கப்படும் பொருள், அதனை நுகர்ந்த உணர்வு, உள்ளத்தில் எழும் குறிப்பு, உடலில் தோன்றும் வேறுபாடு என நான்கு நிலைகளை விளக்கினார். பொருள் முதலில் நிற்க, ஏனைய மூன்றும் நுகர்வோனிடத்தே நிகழ்வதை நோக்குக. சிகிரியாவிற் பாக்கள் கீறப்பட்ட அதே ஒன்பதாம் நூற்றாண்டில், காசுமீரத்தில் ஆனந்தவர்த்தனர் ஒத்த உள்ளமுடைய சுவைஞனைப் பற்றி எழுதினார். அவர்க்குப் பின்வந்த அபிநவகுப்தர், தன் சொந்த விருப்பு வெறுப்புக்களினின்றும் நீங்கி உணர்வு பொதுமையடையும்போதே சுவை பிறக்கும் என்றார். தம் பெயரைப் பொறித்துத் தம் ஏக்கத்தைப் பாடிய சிகிரியாச் சுவைஞர் இதற்கு மாறானவர்போலத் தோன்றுவர். உண்மை அதுவன்று. அவர்கள் தம் உணர்வை வெறும் கூச்சலாக விட்டுவிடவில்லை, யாப்பில் அமைத்தனர், பின்வருவோர் படிக்குமாறு பொதுச்சுவரில் நிறுத்தினர். தனிமனிதனின் பொருள் அவ்வாறே பொதுமையடைந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் வாழ்வோரும் அதனை ஏற்கவும் மறுக்கவும் முடிகின்றது.

இவ்விடத்து மற்றொரு நிகழ்ச்சியையும் நினைவுகூர வேண்டும். 1967ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14ஆம் திகதி இவ்வோவியங்கள் மீது பச்சை நிறச் சாயம் பூசப்பட்டது. சில உருவங்கள் சிதைக்கப்பட்டன. பின்னர் நிபுணர் உதவியுடன் அவை பெருமளவு சீர்செய்யப்பட்டன. பண்டைக் காலச் சுவைஞர் எழுதியதும் ஒரு கிறுக்கலே. 1967இல் நிகழ்ந்ததும் ஒரு கிறுக்கலே. இரண்டுக்குமுள்ள வேறுபாடு இடத்தில் உள்ளது. முன்னவர் ஓவியத்தை விட்டு விலகி, வழியோரச் சுவரில் எழுதினர்; அடுத்து வருபவன் ஓவியத்தைத் தானே கண்டு வேறு பொருள் கொள்ள வாய்ப்பளித்தனர். பின்னவர் ஓவியத்தின் மேலேயே கைவைத்தனர். பிறர் காணும் உரிமையையே அழிக்க முற்பட்டனர்.

இன்று கண்ணாடிச் சுவரும் ஒரு தொல்பொருள். அதில் எழுதுவது தண்டனைக்குரிய குற்றம். அஃது அவ்வாறிருப்பதே முறை. ஆயின், சுவைஞரின் உரிமை அதனால் ஒழிந்துவிடவில்லை. திறனாய்வே அவர்க்குரிய சுவர். தன் வாழ்விலிருந்து ஒரு பொருளைக் கண்டு, அதனைப் படைப்பிலுள்ள சான்றுகளோடு பொருத்திக் காட்டி, பிறர் ஆராயுமாறு முன்வைத்தலே திறனாய்வின் பணி. தன் விளக்கத்தைப் படைப்பின் மேல் அப்பி அதனை மறைக்கும் திறனாய்வாளன், எத்துணைக் கற்றவனாயினும், சாயம் பூசியவனுக்கு நெருங்கிய உறவினனே. ஓவியத்துக்கும் தன் சொல்லுக்கும் இடையே ஒரு வழியை விட்டுவைப்பவனே நல்ல சுவைஞன். அவ்வழியால் இன்னும் பலர் நடந்து செல்லவேண்டியுள்ளது.