பீங்கான் மூக்கின் நீளம்

ஸ்பார்க் பிளக்கின் அழகெல்லாம் அதன் மூக்கில் இருக்கிறது. நடு முனையைப் போர்த்தியபடி இரும்பு உடலுக்குள் இறங்குகிறதே, அந்த வெள்ளைப் பீங்கான்தான் மூக்கு. அது நீளமாக இருந்தால் சூடு வெளியேற நெடுந்தூரம் போக வேண்டும். முனை சூடாகவே இருக்கும். கட்டையாக இருந்தால் சூடு சட்டென்று இறங்கி, மரை வழியாகவும் வாஷர் வழியாகவும் இன்ஜின் ஹெட்டுக்குப் போய்விடும். கடையில் 'ஹாட் பிளக்', 'கோல்டு பிளக்' என்று கேட்பது இந்த நீளத்தைத்தான். பொறியின் சூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துவிடும். 800-க்கு மேல் ஏறினாலோ, பொறி பிறப்பதற்கு முன்பே அந்தச் சூடு பெட்ரோலைக் கொளுத்திவிடும், பிஸ்டனுக்கே ஆபத்து. இந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் பிளக் காலம் தள்ள வேண்டும். சாதாரண காரில் இது அவ்வளவு சிரமமில்லை. சூப்பர்சார்ஜர் வைத்த காரில்தான் வடிவமைத்தவரின் கைத்திறன் தெரிகிறது.

2002 முதல் 2006 வரை விற்பனையான மினி கூப்பர் எஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 1.6 லிட்டர் இன்ஜின், பெல்ட்டில் ஓடும் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், தொடக்கத்தில் 163 குதிரைத்திறன். காற்றைத் திணித்து ஊட்டுவதால் கம்ப்ரஷனை 8.3-க்கு 1 என்று தாழ்த்தியே வைத்தார்கள். இந்தக் காரில் என் மனம் கவர்ந்தது ஒரு சின்ன பைபாஸ் வால்வு. ஒரே சீரான வேகத்தில், காலை லேசாக வைத்து ஓட்டும்போது அது திறந்துகொள்கிறது. சூப்பர்சார்ஜர் தள்ளிய காற்று திரும்ப அதன் வாய்க்கே சுற்றி வருகிறது. ரோட்டர்கள் சுழல்கின்றன, ஆனால் அழுத்தம் ஏறுவதில்லை. இன்ஜினின் சக்தியும் அதிகம் செலவாவதில்லை. 100 கிலோமீட்டருக்குச் சுமார் எட்டரை லிட்டர் என்ற கணக்கில் இந்த வால்வுக்கும் பங்கு உண்டு. அழுத்தி மிதித்தால் வால்வு மூடும், காற்று நெருக்கும், சிலிண்டருக்குள் சூடு எகிறும். ஆக, ஒரே பிளக் சாந்தமான நெடுஞ்சாலையிலும் வாழ வேண்டும், கொதிக்கும் மேட்டிலும் வாழ வேண்டும்.

அந்தப் பிளக் என்ஜிகே பிகேஆர்6ஈக்யூயூபி. இந்த எண்ணெழுத்தைப் பிரித்துப் படிப்பதே ஒரு சுகம். ஆர் என்றால் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 6 வெப்ப எண். ஈ என்றால் மரை நீளம் 19 மில்லிமீட்டர். க்யூ என்றால், நடு முனையிலிருந்து பொறி தாவிச் சேரும் எர்த் முனைகள் நான்கு. நான்கு முனை இருப்பதால் நான்கு பொறி தெறிக்கும் என்று பலர் நம்புகிறார்கள், தெறிப்பது ஒன்றுதான். அந்த நேரத்தில் எந்த முனை எளிதோ அதற்குத் தாவும். தேய்மானம் நான்காகப் பங்கிடப்படுகிறது, இடைவெளி சீக்கிரம் அகலாது. காற்று நெருங்க நெருங்கப் பொறி தாவுவதற்கு வோல்ட்டேஜ் அதிகம் வேண்டும். அதனால் தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக், சமதரையில் சமர்த்தாக ஓடிவிட்டு, ஏற்றத்தில் மிதித்தவுடன் மிஸ்ஸிங் அடிக்கும்.

என்ஜிகேயில் எண் ஏற ஏறக் கோல்டு. பாஷ் கம்பெனி பிளக்கில் எண் இறங்க இறங்கக் கோல்டு. ஒரு படி மாறினால் முனையின் சூடு 70 முதல் 100 டிகிரி வரை மாறும். சூப்பர்சார்ஜரின் புல்லியைச் சிறிதாக்கி அழுத்தத்தைக் கூட்டுகிறவர்கள் 6-ஐ எடுத்துவிட்டு 7 போடுவார்கள். அது நியாயம். புல்லியைத் தொடாதவரும் 'சூப்பர்சார்ஜர் காராச்சே' என்று 7 போட்டால் மைலேஜ் அடிபட வாய்ப்புண்டு. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது முனை 450-ஐ எட்டாது, கரி படியும், அவ்வப்போது ஒரு பொறி தவறும். தவறிய சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலோடு செலவாகாத ஆக்ஸிஜனும் புகைக்குழாய்க்குப் போகிறது. அங்கிருக்கும் சென்சார் ஆக்ஸிஜனை மட்டும் பார்த்துவிட்டு 'பெட்ரோல் போதவில்லை' என்று சொல்ல, கம்ப்யூட்டர் இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறது. ஏற்கெனவே வீணாகிற இடத்தில் மேலும் வீண்! அளவுக்கு மிஞ்சிய ஹாட் பிளக்கும் காசைத் தின்னும். முனை மிகச் சூடேறி, பெட்ரோல் முறைதவறி வெடிக்கும் நாக்கிங் வந்தால் கம்ப்யூட்டர் பொறியைத் தாமதப்படுத்தும். சக்கரத்துக்குப் போக வேண்டிய சக்தி சூடாகி சைலன்சர் வழியே போய்விடும்.

பிளக் எதுவும் மைலேஜைப் புதிதாக உண்டாக்குவதில்லை. இருப்பதைக் களவு போகாமல் காக்கிறது, அவ்வளவே. அந்தக் காவலுக்கு, பாதி நேரம் பைபாஸ் வால்வு திறந்தும் மீதி நேரம் மூடியும் ஓடுகிற காருக்கென்று அளந்து வைத்த அந்த 6-ஐ விடப் பொருத்தமான எண் எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை மெக்கானிக் பிளக்கைக் கழற்றும்போது வாங்கி மூக்கைப் பாருங்கள். இளம் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் எண்ணை மாற்றாதீர்கள். அதே பிளக்கைப் புதிதாக வாங்கி, சொன்ன முறுக்கில் முடுக்கச் சொல்லுங்கள்.