பேய் செய்த குற்றமா?

இருண்ட கோட்டை, இடிந்த மாடம், நிலவறையில் எழும் முனகல், நள்ளிரவில் அணையும் விளக்கு! மேலைநாட்டார் 'காத்திக்' புதினங்கள் என வழங்கும் கதைகளில் இவற்றைக் கண்டு நடுங்குவோர் பலர். வெறும் பேய்க்கதை என்று ஒதுக்குவோரும் உளர். நாம் கேட்பது ஒன்றே: அங்கே நடக்கும் கொடுமைக்குப் பொறுப்பாளி யார்?

ஹோரேஸ் வால்போல் 1764-இல் வெளியிட்ட 'ஒட்ராண்டோ கோட்டை' இவ்வகையின் முதல் நூலாகக் கருதப்படுகிறது. அதில் வரும் மான்பிரட் கொடுங்கோலன். மணநாளன்று மகன் மாண்டதும், அவனுக்கென வந்த இசபெல்லாவைத் தானே மணக்கத் துடிக்கிறான். குற்றமற்ற மனைவியைத் தள்ளிவைக்கத் துணிகிறான். இருளில் ஆளறியாது பெற்ற மகளையே குத்திக் கொல்கிறான். ஆசையும் ஆணவமும் அவனுடையவை. ஆனால் ஆசிரியரோ, பாட்டன் நஞ்சிட்டு நாட்டைப் பறித்த பழியே குலத்தைத் தொடர்கிறது என்கிறார். கொள்ளுப்பாட்டன் பிழைக்கு 15 வயதுச் சிறுவன் உயிர் தருவது எந்நாட்டு நீதி?

அடுத்து வருபவன் போலித் துறவி. 1796-இல் மாத்யூ லூயிஸ் எழுதிய 'துறவி' என்னும் நூலில், மாட்ரிட் நகரமே போற்றும் அம்ப்ரோசியோ அவன். கருவுற்ற கன்னித்துறவி ஆக்னஸ் கண்ணீர் வடித்துக் கெஞ்சியும் இரங்காது, மடத்தின் தலைவியிடம் காட்டிக் கொடுக்கிறான். நிலவறையில் அவள் பெற்ற குழவி மடிகிறது. ஒழுக்கம் பேசிய அதே வாயன், பின்னர் இச்சைக்கு அடிமையாகி, அந்தோனியா என்னும் இளம்பெண்ணைக் கெடுத்துக் கொல்கிறான். போலித்தனத்தின் முகத்திரையைக் கிழித்த லூயிஸின் துணிவைப் பாராட்டுகிறோம். எனினும், அவனை முதலில் மயக்கிய மங்கை சாத்தானின் ஏவல் என்று இறுதியில் கூறிப் பழியில் பாதியைப் பேயின் தலையில் இறக்கிவைத்தாரே, அது நூலின் குறையன்றோ?

இருபது வயது மங்கை மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' இக்குறையை நீக்கியது. அதில் விதியில்லை, சாத்தானில்லை. விக்டர் என்னும் அறிவியல் மாணவன் ஓர் உயிரைப் படைக்கிறான். அது அழகற்றது என்று கண்டதும் அஞ்சி ஓடுகிறான். அன்பு தேடி அலைந்த அப்படைப்பு, அடியும் வெறுப்புமே பெற்றுக் கொலைகாரனாகிறது. விக்டரின் தம்பியைக் கொன்ற பழி, வீட்டுப் பணிப்பெண் ஜஸ்டின் மீது விழுகிறது. உண்மையை உணர்ந்தும், உலகம் தன்னைப் பித்தன் என்னுமே என்று விக்டர் வாய்மூடி நிற்கிறான். ஏழைப்பெண் தூக்கில் தொங்குகிறாள்!

மான்பிரட்டின் வாளும் அம்ப்ரோசியோவின் காமமும் கண்ணுக்குத் தெரியும் தீமைகள். விக்டரின் மௌனமோ, நல்லவன் எனப் பெயரெடுத்தவனும் செய்யக்கூடியது. ஆகவேதான் அதுவே நம்மை மிகுதியாக அச்சுறுத்துகிறது, அச்சுறுத்தவும் வேண்டும்!

பேயின் மேல் பழியைப் போடும் கதை, படித்தவனை நடுங்க வைத்து, நிம்மதியாக உறங்கவும் வைத்துவிடும். மனிதன் மேல் பழியை நிறுத்தும் கதையோ, அவனை நாணவைக்கும். நாணம் பிறந்த நெஞ்சில்தான் நீதி பிறக்கும்.