உப்புக்குள் கேட்கும் உலோகம்

போளூர்ப் பக்கத்து மலைப் பூண்டுக் காட்டில் தொலைந்த களைக்கொத்தைத் தேடி மெட்டல் டிடெக்டர் வீசிப் பழகியவர், அதே கருவியோடு இராமேஸ்வரத்து ஈரமணலில் இறங்கினால் முதல் நிமிடமே குழம்பிப்போவார். மலைமண்ணில் இரும்புச்சத்துதான் தொந்தரவு. அதற்கேற்ப ஒருமுறை கருவியைச் சமன்செய்துவிட்டால் மண் வாயை மூடிக்கொள்ளும். கடலோரத்தில் உப்பும் பேசுகிறது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அந்த நீர் மின்சாரம் கடத்துவதால், ஈரமணல் முழுவதுமே கருவியின் காயிலுக்கு, அதாவது கம்பிச்சுருளுக்கு, உலோகம்போலத் தெரிகிறது. ஹெட்போனில் ஓயாத சளசளப்பு. அதற்கு அடியில் கிடக்கும் ஒரு மோதிரத்தின் குரலைப் பிரித்துக் கேட்பதில் இருக்கும் ருசிக்காகவே இந்தத் தேடலைக் கலை என்கிறேன்.

ஒரே அலைவரிசையில் இயங்கும் கருவி இங்கே பாதியிலேயே திணறும். இரும்புத்தாதுவை அடக்கினால் உப்பு கூவும். உப்பை அடக்கினால் தாது கூவும். மணவாளக்குறிச்சி போன்ற கருமணல் கரையில் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். ஒரே சமயத்தில் பல அலைவரிசைகளை அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிகள் 1990-களில் பரவியதும் கடற்கரைத் தேடல் மாறிப்போனது. ஆஸ்திரேலியாவின் மைன்லேப் நிறுவனம் இதில் முன்னால் நின்றது. பல்ஸ் இண்டக்‌ஷன் என்ற இன்னொரு வழியும் உண்டு, என் மனம் கவர்ந்தது. துடிப்பு ஒன்றை அனுப்பி, நிறுத்தி, சில மைக்ரோ விநாடிகள் காத்திருந்து, பிறகே காது கொடுக்கும். உப்பில் எழுந்த மின்சுழல் அதற்குள் அடங்கிவிடும். உலோகத்தில் எழுந்தது சற்றே நீடிக்கும். அந்த மிச்சத்தைத்தான் கருவி கேட்கிறது. ஆனால் மெல்லிய தங்கத்தின் குரலும் உப்பைப் போலவே சீக்கிரம் அடங்கக்கூடியது. கருவியின் சாமர்த்தியம் அங்கே நின்றுவிட, கையும் காதும்தான் மேற்கொண்டு போகவேண்டும்.

தேர்ந்த கையைப் பார்த்தாலே தெரியும். காயில் மணலுக்கு மேலே ஒரே உயரத்தில் வழுக்கிப் போகும். வீச்சின் முனையில் மேலே எழும்பாது, எழும்பினால் உப்பு பொய் சொல்லும். அலையின் ஓரத்துக்கு இணையாகவே வீச்சு இருக்கும். குறுக்கே வீசினால் காய்ந்த மணலும் நனைந்த மணலும் மாறிமாறி வந்து காதைக் கெடுக்கும். ஓர் ஒலி கேட்டால் திரும்பி வீசிப் பார்ப்பார். பிறகு பக்கவாட்டில் வந்து நின்று மறுபடியும் வீசுவார். உப்பின் ஒலி ஓரிடத்தில் நிற்காது. உலோகத்தின் ஒலிக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதே இடம்.

கடலைப் படிப்பது அடுத்த பாடம். தங்கம் மணலைவிடப் பல மடங்கு கனம்; அலை கலக்கக் கலக்க அது கீழே இறங்கி, களிமண்ணோ சிப்பிப் படுகையோ வந்த இடத்தில் தங்கும். மேலே மணல் அதிகம் ஏறிவிட்டால் கருவிக்கு எட்டாது. நம் கிழக்குக் கரையில் கடல் ஏறி இறங்குவதும் குறைவு; சென்னையில் அமாவாசை, பௌர்ணமியன்றுகூட ஒரு மீட்டரைச் சுற்றித்தான். ஆகவே ஓதத்தை நம்புவதைவிட வாடைக் காலத்து அலை கரையை அரித்துவிட்டுப் போகும் காலைகளை நம்பலாம். அந்த அரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2004 சுனாமி காட்டியது. மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் அலை திறந்துவிட்ட பாறையைத் தொடர்ந்து தொல்லியல் துறை 2005-இல் தோண்டியபோது செங்கல்லாலான முருகன் கோயிலே வெளிப்பட்டது. அப்படிப்பட்ட இடங்களில் டிடெக்டரோடு நடமாடுவது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் இன்றுவரை உயிரோடிருக்கிறது: மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கையேடுகள் ‘இரும்பை ஒதுக்கு’ என்று சொல்லித் தருகின்றன. இங்கே அது உதவாது. 1990-களிலிருந்து நம் ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எவர்சில்வர். இரும்பை ஒதுக்கினால் ரூபாயும் சேர்ந்தே ஒதுங்கிவிடக்கூடும். படித்துறைகளில் கயிற்றில் காந்தம் கட்டி இழுத்துக் காசெடுப்பதும் இதனால்தான். 2009-இல் வந்த மஞ்சள் நிற ஐந்து ரூபாயைக் காந்தம் தொடாது, டிடெக்டர் விடாது. வெள்ளிக் கொலுசும் மெட்டியும் கணீரென்று கூப்பிடும். தங்க மோதிரமோ சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாளைப் போலவே முனகும். தாளைத் தோண்ட அலுத்துக்கொள்பவருக்கு மோதிரம் கிடைக்காது.

எல்லாவற்றிலும் கடினமானது சங்கிலி. ஐந்து பவுன் முறுக்குச் சங்கிலியானாலும் கருவி அதை முழுதாகக் கேட்பதில்லை. தனித்தனி வளையமாகத்தான் கேட்கிறது, ஒவ்வொன்றும் உப்பில் கரைந்துபோகும் அளவுக்குச் சின்னது. பெரும்பாலும் அதன் கொக்கிதான் காட்டிக்கொடுக்கும். குளிக்கும்போது தாலிச் சங்கிலியைக் கடலில் விட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து அழும் ஒரு பெண்ணுக்காகத் தேடும்போது, அந்தக் கொக்கியின் ஒற்றைச் சிணுங்கலை உப்பின் சளசளப்பிலிருந்து பிரித்தெடுக்கும் காதைவிடப் பெரிய வித்தை இந்தக் கலையில் இல்லை.