கவர்னர் பதவிக்கு நின்ற நாவலாசிரியர்

நாவலாசிரியன் ஒருவன் தேர்தலுக்கு நின்றால் அவனுக்கு எதிராக யார் சாட்சி சொல்வார்கள்? அவன் படைத்த பாத்திரங்களே சொல்லும். அமெரிக்க எழுத்தாளர் அப்டன் சிங்க்ளேருக்கு 1934-இல் நேர்ந்தது இதுதான்.

சிகாகோ மாமிசத் தொழிற்சாலைகளின் அவலத்தைச் சொல்லும் 'தி ஜங்கிள்' நாவல் அவருடையது. அது 1906-இல் புத்தகமாக வந்தது. ஜனங்கள் கொதித்த கொதிப்பில் அந்த வருஷமே மாமிசப் பரிசோதனைச் சட்டம் பிறந்தது. நாவலால் சட்டம் வருவதைக் கண்டவர், ஒரு சர்க்காரே வரட்டுமே என்று நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. 1933-இல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். தாம் கலிபோர்னியாவின் கவர்னராகி வறுமையை ஒழித்த கதையை, நடந்து முடிந்த சரித்திரம் போல அதில் எழுதினார். மூடிக் கிடந்த ஆலைகளிலும் தரிசு நிலங்களிலும் வேலையற்றவர்கள் உழைத்துத் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே உண்டாக்கிக் கொள்கிறார்கள். கடைசியில் மிஞ்சும் ஏழை ஒரே ஒருவர். அவரும் குகையில் வாழும் துறவி! கவர்னர் நாவல் எழுத வீடு திரும்புகிறார்.

புத்தகம் ஏராளமாக விற்றது. 1934 ஆகஸ்டில் அவர் டெமாக்ரடிக் கட்சியின் அபேட்சகரானார்.

பசித்தவர்களை நினைத்து எழுதிய புத்தகம் அது. அதன் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கதை என்று பார்த்தால் அதில் எதிரிகளுக்கு உயிர் இல்லை. ஆசிரியர் வேண்டிய இடத்தில் தோற்றுப் போகிறார்கள்.

நிஜ எதிரிகள் அப்படித் தோற்கவில்லை. அவருடைய நாவல்களைப் புரட்டினார்கள். கல்யாணத்தைப் பற்றி ஒரு பாத்திரம் மனம் கசந்து சொன்னதை எடுத்து, அபேட்சகரின் கொள்கையே இதுதான் என்றார்கள். 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' இத்தகைய மேற்கோள்களைக் கட்டம் கட்டிப் போட்டு வந்தது. எம்.ஜி.எம். சினிமாக் கம்பெனியோ, ஜோடித்த காட்சிகளைச் செய்திப் படம் என்று தியேட்டர்களில் ஓட வைத்தது. நவம்பரில் பிராங்க் மெரியம் 11 லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கி ஜெயித்தார். சிங்க்ளேருக்குக் கிடைத்தவை சுமார் 8 லட்சத்து 80 ஆயிரம்.

இரண்டு தரப்பாரும் கதையைத்தான் நிஜமாகக் காட்டினார்கள் என்று சொல்லலாம். ஆனால் சிங்க்ளேர் தம் கற்பனையின்மேல் தம் பெயரைப் போட்டார். எதிரிகள் தங்கள் கற்பனையின்மேலும் அவர் பெயரையே போட்டார்கள். வித்தியாசம் சிறிதல்ல. தனக்கு ஒவ்வாத எண்ணத்தையும் ஒரு பாத்திரத்தின் வாயில் வைக்க வேண்டியவன் நாவலாசிரியன். பேசுவது பாத்திரமா, ஆசிரியனா என்று பார்க்கத் தெரியாத வாசகனைச் சாவடியிலும் எளிதில் ஏமாற்றிவிடலாம்.

தாம் தோற்ற விதத்தையும் சிங்க்ளேர் 1935-இல் புத்தகமாக எழுதினார். இரண்டில் ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால், இதையே படியுங்கள் என்பேன். இதில் எதிரிகளுக்கு உயிர் இருக்கிறது.