டிராக்கில் ஐஎஸ்38 டர்போ எப்படி? ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் அனுபவம்

2017-ல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ், 2.0 லிட்டர் டிஎஸ்ஐ இன்ஜினில் 230 பிஎஸ் பவரும் 350 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. அதில் இருப்பது ஐஹெச்ஐ நிறுவனத்தின் ஐஎஸ்20 டர்போ. அதே இன்ஜின் குடும்பத்தைச் சேர்ந்த 300 பிஎஸ் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் காரில் இருப்பது அதைவிடப் பெரிய ஐஎஸ்38. இரண்டும் ஒரே இடத்தில் பொருந்தும் என்பதால், பவரைக் கூட்ட நினைக்கும் விஆர்எஸ் உரிமையாளர்களின் கண் முதலில் போவது இதன் மேல்தான். ஐஎஸ்38 பொருத்தி இசியு ட்யூன் செய்த ஒரு விஆர்எஸ், பழைய டர்போவிலேயே ட்யூன் மட்டும் செய்த இன்னொன்று, இரண்டையும் சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓட்டினேன்.

தாமதம் எங்கிருந்து வருகிறது?

பெரிய டர்போ பூஸ்ட் ஏற்றத் தாமதிப்பது ஏன் என்பதற்கு, கம்பெனி தரும் எண்களிலேயே விடை இருக்கிறது. விஆர்எஸ்ஸின் முழு டார்க் 1,500 ஆர்பிஎம்மில் கிடைத்துவிடும். கோல்ஃப் ஆருக்கு 1,800 ஆக வேண்டும். ட்யூன் செய்து பூஸ்ட்டை ஏற்றினால் இந்த இடைவெளி இன்னும் விரியும். காரணம், டர்போவுக்குள் சுழலும் சக்கரத்தின் நிலைமம். வடிவம் மாறாமல் டர்பைன் சக்கரத்தின் விட்டம் 10 சதவீதம் கூடினாலே, நிலைமம் சுமார் 60 சதவீதம் ஏறிவிடும்.

தாமதத்தில் இரண்டு வகை உண்டு. குறைந்த ஆர்பிஎம்மில் டர்போவைச் சுழற்றப் போதுமான எக்ஸாஸ்ட் வாயுவே வராது. கியரைக் குறைத்தால் இது தீர்ந்துவிடும். ஆனால் சரியான ஆர்பிஎம்மில் இருந்தும், காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது பூஸ்ட் திரும்ப ஏறச் சிறிது நேரம் பிடிக்கிறது. டிராக்கில் நம் நேரத்தைத் தின்பது இந்த இரண்டாவது வகைதான்.

இரண்டு டிராக், இரண்டு முகம்

3.717 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஐஎஸ்38 தன் பலத்தை முழுதாகக் காட்டுகிறது. ஐஎஸ்20 மூச்சு வாங்கத் தொடங்கும் 5,500 ஆர்பிஎம்முக்கு மேலும் இது சளைக்காமல் இழுக்கிறது. நேர்ப்பாதையின் கடைசியில் இரண்டு கார்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் தெளிவாகத் தெரிகிறது.

2.1 கிலோமீட்டர் கரி ஸ்பீட்வேயில் கதையே வேறு. அங்கே வளைவுகள் நெருக்கம். பிரேக் பிடித்து உள்ளே போவதற்குள் பூஸ்ட் இறங்கிவிடுகிறது. வெளியே வரும்போது மிதித்தால் ஒரு கணம் எதுவும் நடப்பதில்லை; பிறகு மொத்த டார்க்கும் ஒரே மூச்சில் வந்து இறங்குகிறது. ஸ்டீயரிங் இன்னும் திரும்பியே இருப்பதால் முன்சக்கரங்கள் கிரிப்பை இழந்து, கார் வெளிப்பக்கம் ஓடுகிறது. ஐஎஸ்20 காரில் கால் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு டார்க் உடனே வருகிறது. அந்த நம்பிக்கையில் ஆக்ஸிலரேட்டரைச் சீக்கிரமே தொட முடிகிறது. பெரிய டர்போவோடு இங்கே வேகமாகப் போக வேண்டுமானால், ஒரு கியர் குறைவாக வைத்து, வளைவின் நடுப்புள்ளிக்கு முன்பே லேசாக மிதிக்கத் தொடங்க வேண்டும். இதைப் பழகிக்கொள்ளலாம்; ஆனால் பழக்கம் தேவை.

டர்போவை மட்டும் மாற்றினால் போதாது

சென்னை வெயிலில் ஒரு சில சுற்றுகளிலேயே இன்டர்கூலர் சூடேறிவிடும். உள்ளே போகும் காற்று சூடானால், நாக்கிங் வராமல் இருக்க இசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும். காசு கொடுத்து வாங்கிய பவர் அங்கேயே கரைந்துவிடும். பெரிய இன்டர்கூலரில் காற்று நிரம்பக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும் என்றாலும், டிராக்கில் அது அவசியம். பெட்ரோலும் முக்கியம்: 2020-ல் அறிமுகமான 100 ஆக்டேன் எக்ஸ்பி100 கிடைக்கும் ஊரில் இருப்பவர்களுக்குத்தான் கடுமையான ட்யூன் பொருந்தும். ஏறிய டார்க்கைத் தாங்க, டிஎஸ்ஜி கியர்பாக்ஸுக்கும் தனி ட்யூன் வேண்டும்.

‘ரெஸ்பான்ஸைக் கூட்டும்’ என்று விற்கப்படும் பெடல் பாக்ஸை வாங்காதீர்கள். கால் கொடுக்கும் சிக்னலை அது பெரிதாக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். டர்போ ஒரு நொடிகூட முன்னதாகச் சுழலாது. நுணுக்கமாக மிதிக்க வேண்டிய இடத்தில் கட்டுப்பாடுதான் குறையும்.

தீர்ப்பு

நீளமான நேர்ப்பாதைகளுள்ள டிராக்கில் தொடர்ந்து ஓட்டுபவர், இன்டர்கூலர், கியர்பாக்ஸ் ட்யூன், நல்ல டயர் எல்லாவற்றுக்கும் செலவு செய்யத் தயார் என்றால் ஐஎஸ்38 தாராளமாக வாங்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தை முதலில் டயர், பிரேக் பேட், இன்டர்கூலர், ஐஎஸ்20-க்கான நல்ல ட்யூன் என்ற வரிசையில் செலவிடுங்கள். லேப் டைம் குறைவது வளைவிலிருந்து எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு நிச்சயமாக மிதிக்க முடிகிறது என்பதில்தான். நமக்குத் தேவையான பவரைத் தரும் டர்போக்களில் மிகச் சிறியது எதுவோ, அதுவே டிராக்குக்குச் சரியான டர்போ.