காயல் குதிரைக்குட்டியின் கால் கோணியது ஏன்?

தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் பழையகாயல் என்னும் சிற்றூர் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் காயல் ஒரு பெருந்துறைமுகம். ஏடன், ஹோர்முஸ் ஆகிய இடங்களிலிருந்து வந்த கப்பல்கள் இங்கே குதிரைகளை இறக்கின. 1290-களில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ இதை எழுதிவைத்தார். அவருடைய முத்துக்குளிப்பு வருணனையை நீங்கள் படித்திருக்கலாம். குதிரையைப் பற்றி அவர் எழுதியதையும் சற்று ஆராய்ந்து பார்ப்போமா?

அரசர் ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகிறாராம். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லையாம். உயர்ந்த ஆண்குதிரையையும் உயர்ந்த பெட்டையையும் இணை சேர்த்தாலும், இந்நாட்டில் கால் கோணிய குட்டியே பிறக்கிறதாம். தட்பவெப்பமே காரணம் போலும் என்கிறது, 1559-இல் அச்சான ரமுசியோவின் பதிப்பு.

இம்முடிவு சரிதானா? எத்தனை குட்டிகளைப் பார்த்தார்கள், தாய்க்கு என்ன தீவனம் கொடுத்தார்கள் என்ற கணக்கு நூலில் இல்லை. ஆனால் விடைக்கான தடயத்தை ஆசிரியரே தந்திருக்கிறார். குதிரைகளுக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் ஊட்டினார்களாம்! இவ்விரண்டிலும் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாஸ்பரஸ் அதிகம். இவ்வாறு உண்ணும் குதிரையின் உடல் தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும். எலும்பு வலுவிழக்கும், கால் நொண்டும். குட்டியின் கோணலுக்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம். லாடம் அடித்து வைத்தியம் பார்ப்பவர்களையும் வணிகர்கள் இங்கே வரவிடவில்லை என்கிறார் போலோ. குதிரை இறந்தால்தானே அடுத்த குதிரை விலைபோகும்!

மண்ணும் காற்றும் இனத்தையே கெடுத்துவிடும் என்ற எண்ணம் போலோவோடு நின்றுவிடவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பூஃபோனும் அவ்வாறே கருதினார். அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் பேக்வெல், ஆடுமாடுகளைத் தேர்ந்தெடுத்து இணை சேர்த்து, விரும்பிய பண்புகளை வளர்த்துக் காட்டினார். மரபுப் பண்புகள் கூறுகூறாகப் பிரிந்து வருவதை 1866-இல் மெண்டல் விளக்கினார். மரபு வேறு, வளர்ப்பு வேறு என்று பிரித்துப் பார்க்க வழி பிறந்தது.

வெப்பமும் ஈரமும் குதிரையை வாட்டும் என்பது உண்மையே. ஆயினும், ஒரே பெற்றோரின் குட்டிகளை வெவ்வேறு தீவனத்தில் வளர்த்துப் பார்க்காமல் மண்ணின் மீதோ மரபின் மீதோ பழி போடலாமா?

இன்றும் பால் குறைந்தால், "இந்த இனம் நம் ஊருக்கு ஆகாது" என்கிறோம். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அப்படிச் சொல்லுமுன், தீவனத் தொட்டியை ஒருமுறை எட்டிப் பாருங்கள்.