குமட்டலும் ஒரு விமர்சனம்தான்

2016 பிப்ரவரியில் பார்சிலோனாவில் எடுத்த ஒரு புகைப்படம். அரங்கு நிறைய ஆட்கள். எல்லார் கண்ணையும் ஹெட்செட் மூடியிருக்கிறது. அவர்கள் பக்கமாக ஃபேஸ்புக் முதலாளி மார்க் ஸக்கர்பெர்க் சிரித்தபடி நடந்து போகிறார். அவரை யாரும் பார்க்கவில்லை. பெந்தாமின் சிறைக்கோபுரத்தை வைத்து அதிகாரத்தின் பார்வையைப் பேசினார் ஃபூக்கோ. அங்கே காவலாளி மறைந்திருக்க வேண்டும். இங்கே அந்த அவசியமும் இல்லை. கைதிகள் (காசு கொடுத்து உள்ளே போனவர்கள்!) வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மெய்நிகர் விளையாட்டு ஏன் இன்னும் வீட்டுக்கு வீடு நுழையவில்லை? விலை, எடை, நல்ல ஆட்டங்கள் போதாமை என்று பட்டியல் வாசிக்கிறது தொழில்துறை. பொய்யில்லை. ஆனால் 2016இல் 599 டாலருக்கு வந்த ரிஃப்டை இயக்க வலுவான கணினியும் தனியே வேண்டியிருந்தது. 2020இல் 299 டாலருக்கு வந்த குவெஸ்ட் 2க்கு அதுவும் வேண்டாம். 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' மாதிரி ஆட்டமும் அதே ஆண்டு வந்தாயிற்று. ஆனாலும் மெட்டாவின் இந்தப் பிரிவுக்கு 2024இல் மட்டும் சுமார் 1,770 கோடி டாலர் நட்டம். அப்படியானால் தடை எங்கே இருக்கிறது?

நண்பர் வீட்டில் நானும் மாட்டிப் பார்த்தேன். விண்கலம் ஓட்டுகிற ஆட்டம். பத்தே நிமிஷம், வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்துவிட்டது. 'பறக்கிறாய்' என்கிறது கண். 'சும்மா உட்கார்ந்திருக்கிறாய்' என்கிறது உள்காது. கல்லூரியில் படிக்கும் நண்பரின் மகள், "பழகிடும் மாமா" என்றாள். தொழில்துறை சொல்வதும் இதையேதான். பஞ்சாலை இரைச்சலுக்குள் நுழைந்த தொழிலாளிக்கும் புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணுக்கும் நாம் காலங்காலமாகச் சொல்லிவந்த சொல் இது. தடை என்று பெயரிடப்படுவது உடல். பழக வேண்டியதும் அதுவே, கருவி அல்ல.

யாருடைய உடல் என்பது அடுத்த கேள்வி. இந்தக் கருவி பெண்களுக்குப் பாதகமானதா என்று 2014இலேயே கேட்டு எழுதினார் டானா பாய்ட். பெண்களுக்குத் தலைசுற்றல் அதிகம் என்பதை அவர்கள் இயல்பாகப் பேசிவிடுவது சுலபம். 2020இல் கே ஸ்டானியின் குழு நடத்திய ஆய்வு வேறொன்றைக் காட்டியது: கருவியின் வில்லை இடைவெளி பல பெண்களின் கண் இடைவெளிக்குப் பொருந்தவில்லை, வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் அது. குவெஸ்ட் 2இல் இருந்தவை மூன்றே நிலைகள்: 58, 63, 68 மில்லிமீட்டர். அச்சு யாருக்காக வார்க்கப்பட்டதோ அவன் 'பயனாளர்'. மற்ற உடல்கள் 'பிரச்சினை'.

சரி, பழகியே விட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 2020இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு ஆய்வொன்றில் 511 பேர். தலையும் கையும் அசைந்த ஐந்து நிமிடத்துக்கும் குறைவான பதிவை வைத்து, அவர்களில் யார் இவர் என்பதை நூற்றுக்கு 95 தடவை சரியாகச் சொன்னது இயந்திரம். பெயரை மாற்றலாம், முகத்தை மறைக்கலாம். கழுத்தைத் திருப்பும் விதத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? பழகிய உடல்தான் நீண்ட நேரம் உள்ளே இருக்கும். இருக்க இருக்கப் பதிவும் கூடும்.

தொழில்நுட்பத்தைக் கண்டு மிரளும் பேச்சல்ல இது, தோழர்களே. படுக்கையில் கிடப்பவர் இதை மாட்டிக்கொண்டு மலையேறினால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவர் கழுத்தசைவு யாருக்குச் சொந்தம் என்பதை இப்போதே சண்டை போட்டுத் தீர்க்க வேண்டும், எல்லாரும் பழகிய பிறகு அல்ல.

கழற்றிய பிறகும் அரைமணி நேரம் தரை ஆடியது. எலுமிச்சைச் சாறு கொடுத்தார்கள். அந்தப் பெண் ஹெட்செட்டைத் துடைத்துத் தான் மாட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சிரித்தாள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை.